07 என்றால் பினாங்கு: எதைப் பொதுவாக்கலாம், எதைத் தனியே விடலாம்

மலேசியாவில் எந்த நிறுவனத்துக்கு இன்டக்ரேஷன், அதாவது ஒரு மென்பொருளை இன்னொன்றோடு இணைக்கும் வேலை செய்தாலும் சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தே தீரும். அடையாள அட்டை எண்ணைச் சரிபார்ப்பது, 012 என்று தொடங்கும் கைப்பேசி எண்ணை +60 ஆக்குவது, எக்செல் விழுங்கிவிட்ட பூஜ்யத்தைச் சுங்கைப்பட்டாணியின் அஞ்சல் குறியீடான 08000-க்குத் திருப்பிக் கொடுப்பது, மாநிலப் பெயரைக் குறியீடாக மாற்றுவது. சம்பள மென்பொருளை வங்கியோடு இணைக்கும்போது இதையெல்லாம் ஒரு தடவை எழுதுவோம். கிடங்கைக் கணக்கோடு இணைக்கும்போது இன்னொரு தடவை. சில வருடங்களில் ஒரே விஷயம் எட்டுப் பத்து இடங்களில் கிடக்கும், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறு மாதிரி.

அப்போது யாராவது ஒருவர், "இதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துவிடலாமே" என்பார். நியாயமான யோசனைதான். ஆனால் பினாங்கின் பாயான் லெப்பாஸில் இத்தனை வருடம் இந்த வேலையைப் பார்த்ததில், மிக அதிகமான தலைவலி கொடுத்தவை பல இடங்களில் நகல் எடுத்த நிரல்கள் இல்லை. தப்பான காரணத்துக்காகப் பொதுவாக்கப்பட்ட நிரல்கள்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்ட கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

"அக்கா, மைகார்ட் எண்ணில் இருக்கிற மாநிலக் குறியீடும் மைஇன்வாய்ஸ் கேட்கிற மாநிலக் குறியீடும் ஒன்றுதானே? ரெண்டு டேபிள் எதுக்கு? ஒன்றைத் தூக்கிடவா?"

அவர் சொன்னது பார்வைக்குச் சரி. மைகார்ட் என்பது மலேசிய அடையாள அட்டை, அதன் எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். ஜொகூர் 01, கெடா 02, பினாங்கு 07, கோலாலம்பூர் 14, புத்ராஜெயா 16. மின் விலைப்பட்டியலுக்காக உள்நாட்டு வருமான வரி வாரியம் நடத்தும் மைஇன்வாய்ஸில் முகவரிக்கு மாநிலக் குறியீடு போட வேண்டும். அங்கேயும் ஜொகூர் 01, கெடா 02, பினாங்கு 07, கோலாலம்பூர் 14, புத்ராஜெயா 16. பதினாறு வரிகளும் எழுத்துப் பிசகாமல் பொருந்தும்.

அதற்கப்புறம்தான் பிரிகிறது. அடையாள அட்டையில் பினாங்குக்கு 07 மட்டுமில்லை, 34, 35 என்றும் உண்டு. கோலாலம்பூருக்கு 54 முதல் 57 வரை இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு வேறு எண்கள். மைஇன்வாய்ஸிலோ 17 என்று ஒன்று இருக்கிறது, பொருந்தாது என்பதற்கு. ஒன்று மனிதர் பிறந்த இடத்தைச் சொல்கிறது, இன்னொன்று கடை இருக்கும் முகவரியைச் சொல்கிறது. ஒன்றை மாற்ற வேண்டுமானால் தேசியப் பதிவுத் துறை மாற்றும், மற்றதை வரி வாரியம் மாற்றும். இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு மாற்றப்போவதில்லை.

அந்தத் தம்பியிடம் நான் சொன்னதும் இதைத்தான்: "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கான்னு பார்க்காதீங்க. நாளைக்கு யார் சொன்னா இது மாறும்னு கேளுங்க. பதில் ஒன்றா இருந்தா ஒன்றாக்கலாம். ரெண்டு பேரா இருந்தா டேபிளும் ரெண்டாவே இருக்கட்டும்."

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1972-லேயே கணினி அறிஞர் டேவிட் பர்னாஸ், ஒரு நிரலைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது வேலை நடக்கும் வரிசையைப் பார்த்துப் பிரிக்காமல், மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பகுதிக்குள் மறைத்துவைக்கச் சொன்னார். இன்டக்ரேஷனில் இதற்கு இன்னும் கூடுதல் அர்த்தம் உண்டு. நம் நிரலில் இருக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை நம்முடையவையே இல்லை. வரி வாரியம், மத்திய வங்கியான பேங்க் நெகாரா, வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவு, எதிர்ப்பக்கம் இருக்கும் மென்பொருளை எழுதியவர் என்று யார் யாரோ எடுத்த முடிவுகள். நாம் அவற்றைச் சுமக்கிறோம், அவ்வளவுதான்.

நம் ஆட்களின் பெயர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குத் தனி அக்கறை உண்டு, ஏனென்றால் அடிபடுவது பெரும்பாலும் நம் பெயர்கள்தான்.

மலேசியத் தமிழர் பெயரில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று நடுவில் ஒரு சாய்கோடு வரும். மலாயில் மகன், மகள் என்பதன் சுருக்கம். கணினிக்கு அந்தச் சாய்கோடு வேறொரு செய்தி. கோப்புக்குப் பெயர் வைத்தால் அது கோப்புறையின் எல்லை. இணைய முகவரியில் அடுத்த படி. சம்பளச் சீட்டைப் பணியாளர் பெயரில் பிடிஎஃப் ஆகச் சேமிக்கும் ஒரு நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். சீனர், மலாய்க்காரர் எல்லாருக்கும் சீட்டு வந்துவிடும். தமிழர்களுக்கு மட்டும் வராது, ஏனென்றால் 'ஏ' என்று முடியும் ஒரு கோப்புறையை அது தேடிப் போயிருக்கும்.

ஆகவே ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள். ஒரு மென்பொருள் சாய்கோட்டை எடுத்துவிட்டு இடைவெளி விடுகிறது, இன்னொன்று '-' என்று சிறு கோடு போடுகிறது, மூன்றாவது எதுவும் இல்லாமல் 'ஏஎல்' என்று ஒட்டிவிடுகிறது. இந்த மூன்றும் ஒரே ஆளைப் பற்றிப் பேசும்போது பெயர் பொருந்தவில்லை என்று வங்கி திருப்பி அனுப்புகிறது. சரி, பெயரைச் சுத்தம் செய்யும் ஒரு பொது நிரல் எழுதிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும்.

அப்படி ஒன்றை ஒரு வாடிக்கையாளர் இடத்தில் பார்த்தேன். யாரோ எழுதிய விதி: பெயரின் நடுவில் தனியாக 'ஏஎல்' (AL) என்ற இரண்டு எழுத்து வந்தால் அதை 'ஏ/எல்' என்று மாற்று. தோட்டத்து ஆட்கள் பெரும்பாலும் தமிழர்களாக இருந்த நிறுவனத்துக்காக எழுதியது, அங்கே பிரச்சினையே வரவில்லை. அதே நிரலை, எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும் பொது லைப்ரரியில் போட்டு வேறொரு இடத்தில் பயன்படுத்தியபோது, 'அல்' என்ற அரபுச் சொல் நடுவில் வரும் முஸ்லிம் பெயர்கள் எல்லாம் சாய்கோடு விழுந்து வெளியே வந்தன. ரோமன் எழுத்தில் இரண்டும் அதே இரண்டு எழுத்துதானே. ஒருவருடைய பெயரை இப்படிச் சிதைப்பது சின்ன விஷயம் இல்லை. அந்த நிரலில் பிழை ஒன்றும் கிடையாது. அது எழுதப்பட்ட இடத்தின் அனுமானத்தை யாரும் கூடவே எழுதி அனுப்பவில்லை.

இதே கதை மிகப் பெரிய அளவில் 1996 ஜூன் 4 அன்று நடந்தது. ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம். ஏரியன் 4-இல் ஒழுங்காக ஓடிய வழிகாட்டு நிரலை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். நிரல் அதற்கு ஒதுக்கியிருந்த 16 பிட் என்ற சின்ன இடத்துக்குள் அந்த எண் அடங்கவில்லை. நாற்பது விநாடிகூட ஆகவில்லை, ராக்கெட் திசை மாறிச் சிதறியது. பிழை நடந்த பகுதிக்கு, ஏரியன் 5 மேலே கிளம்பிய பிறகு வேலையே கிடையாது என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. பழைய ராக்கெட்டுக்குத் தேவைப்பட்டது, அதனால் இதிலும் ஓடிக்கொண்டிருந்தது.

பெயர் விஷயத்தில் நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்த முடிவு இதுதான். அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அந்தப் பெயரை ஒரு எழுத்தும் மாற்றாமல் வைத்துக்கொள்வது பொது விதி, நாங்கள் எழுதும் எல்லா இணைப்புத் தீர்வுகளும் அதற்குக் கட்டுப்படும். வெளியே அனுப்பும்போது அந்தந்த வங்கிக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் வேண்டிய வடிவம் அந்தந்தத் தீர்வுக்குள்ளேயே இருக்கும். ஒரு வங்கி சாய்கோடு வேண்டாம் என்றால் அது அந்த வங்கியின் விருப்பம், அதை மற்ற எல்லார் தலையிலும் கட்ட வேண்டியதில்லை. குடும்பப் பெயர் என்று தனிக் கட்டம் கேட்கும் மேல்நாட்டு மென்பொருளுக்கு என்ன கொடுப்பது என்பதும் அப்படித்தான். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடுவதா, புள்ளி வைப்பதா என்று எதிர்ப்பக்கத்தோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

பொதுவாகவே இருக்க வேண்டிய விஷயம் எப்படி இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். அதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பிறந்த தேதி.

ஒரு தொழிற்சாலையில் பணியாளர் விவரங்களைக் காப்புறுதிக்கு அனுப்பும் வேலை. சிலருடைய விவரம் மட்டும் திரும்பி வருகிறது, பிறந்த தேதி அடையாள அட்டையோடு ஒத்துப்போகவில்லை என்று. எண் 750314 என்று தொடங்குகிறது, அனுப்பிய தேதியோ 1975 மார்ச் 13. எல்லாருக்கும் சரியாக ஒரு நாள் குறைவு. மனிதவளப் பிரிவில் இருந்த அம்மா யாரோ தப்பாகத் தட்டச்சு செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பொறுமையாகக் கையால் திருத்துவார். ராத்திரி வேலை ஓடியதும் மறுபடி 13 ஆகிவிடும்.

திரும்பி வந்தவர்களின் பட்டியலைப் பிறந்த ஆண்டு வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அத்தனை பேரும் 1981 அல்லது அதற்கு முன்னால் பிறந்தவர்கள். 82-க்கு அப்புறம் பிறந்தவர் ஒருவர்கூட இல்லை.

தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1981 கடைசி வரை கிரீன்விச்சை விட ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை ஆனதும் நேராக 1982 பிறந்துவிட்டது. அனுப்பும் மென்பொருளுக்கு இந்தக் கதை தெரியாது. பிறந்த தேதியோடு நள்ளிரவு 12 மணி என்ற நேரத்தை ஒட்டி, எந்த ஆண்டானாலும் அதிலிருந்து எட்டு மணி நேரத்தைக் குறைத்து உலக நேரமாக மாற்றியது. அது முந்தின நாள் மாலை 4 மணி. வாங்கும் மென்பொருளுக்குக் கதை தெரியும். உலகம் முழுக்கப் பயன்படும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் இந்த மாற்றம் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. ஆகவே 1975-க்கு ஏழரை மணி நேரத்தைக் கூட்டியது. கிடைத்தது 13-ஆம் தேதி இரவு பதினொன்றரை. நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை எடுத்தால் ஒரு நாள் போய்விட்டது.

இரண்டு மென்பொருளையும் தனித்தனியாகச் சோதித்தால் இரண்டும் சரியாகவே வேலை செய்யும். நடுவில் நின்று பார்ப்பவருக்குத்தான் பிழை தெரியும், அதாவது நமக்கு.

இதற்குப் பொது விதி ஒரே வரி: பிறந்த தேதிக்கு நேரம் கிடையாது, அதை நேர மண்டலத்துக்குள் அனுப்பவே கூடாது. வெறும் ஆண்டு, மாதம், நாள். இந்த விதியை எந்த வாடிக்கையாளரும் மாற்றச் சொல்லப்போவதில்லை, எந்தத் துறையும் சுற்றறிக்கை விடப்போவதில்லை. கடிகாரம் நகர்ந்த வரலாறு இனி மாறாது. இப்படிப்பட்டதைப் பத்து இடங்களில் பத்துப் பேர் எழுதுவது வீண். ஒரு தடவை நன்றாக எழுதி, எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம்.

வரி இதற்கு நேர் எதிர், மாறிக்கொண்டே இருக்கும். 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி 6 விழுக்காடு வந்தது, 2018 ஜூன் 1-இல் பூஜ்யமாகியது, செப்டம்பர் 1 முதல் விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி. சேவை வரி 2024 மார்ச் 1 அன்று 6-இலிருந்து 8 ஆனது, ஆனால் உணவு, பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்தம், தளவாடச் (லாஜிஸ்டிக்ஸ்) சேவைகளுக்கு 6 விழுக்காடுதான். மாறினாலும் ஒரே இடத்திலிருந்து, ஒரே தேதியில், எல்லாருக்கும் சேர்த்துத்தான் மாறுகிறது. ஆகவே இதுவும் பொதுவாக இருக்க வேண்டியதுதான். நிரலாக இல்லாமல் தேதியோடு கூடிய தரவாக இருக்க வேண்டும். விழுக்காட்டை நிரலுக்குள் எழுதிவிட்டு மார்ச் 1 காலையில் மாற்றியவர்கள், பிப்ரவரி விலைப்பட்டியலுக்கு ஏப்ரலில் கிரெடிட் நோட் போட வேண்டி வந்தபோது பட்ட பாடு எனக்குத் தெரியும். பழைய விற்பனைக்குப் பழைய விழுக்காடு வேண்டும், நிரலிலோ புதியது மட்டும்தான் இருந்தது.

வரியோடு ஒட்டிய இன்னொன்று, காசை முழுமையாக்குவது, அதாவது பின்னமாக வரும் காசை முழுக் காசாக்குவது. 4 வெள்ளி (ரிங்கிட்) 75 காசுக்கு 6 விழுக்காடு என்றால் 28.5 காசு. ஜாவா என்ற நிரல் மொழியில் எழுதியவர் வழக்கமான முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் 29 ஆகும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் ஒன்றும் சொல்லாமல் விட்டால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போய் 28 ஆகும். கல்லாவும் கணக்கும் ஒரு காசு வித்தியாசத்தில் நிற்கும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. காசு வரை மட்டும் எழுதப்படும் எந்த விலைக்கும் 8 விழுக்காடு போட்டுப் பாருங்கள், சரியாக அரைக் காசு விழவே விழாது. கணக்கு அப்படி அமைந்துவிட்டது. எனவே 8 விழுக்காட்டுக் கடைகளை வைத்துச் சோதித்தவருக்கு இரண்டு முறையும் ஒன்று போலத் தெரியும், 6 விழுக்காட்டில் இருக்கும் உணவகத்துக்கு அதே நிரல் போனதும்தான் காசு இடிக்கும். கல்லாவில் ரொக்கத் தொகையை 5 காசுக்கு முழுமையாக்கும் விதி 2008 ஏப்ரலிலிருந்து இருக்கிறது, அது பேங்க் நெகாராவுடையது, மொத்த ரசீதுக்கு மட்டும் பொருந்தும். அதையும் வரிக் கணக்கையும் ஒரே 'முழுமையாக்கு' நிரலுக்குள் அடைப்பவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்துத் தடுக்கத் தோன்றும்.

சரி, பொதுவாக்குவது என்று முடிவாகிவிட்டது. எங்கே வைப்பது?

மைக்ரோசாஃப்டின் இன்டக்ரேஷன் மென்பொருளான பிஸ்டாக்கில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் வலி நன்றாகத் தெரியும். பொதுவான ஸ்கீமாவை, அதாவது தரவின் வடிவ வரையறையை, ஒரு தனி அப்ளிகேஷனில் வைத்து, மற்றவை அதைச் சுட்டும்படி செய்வோம். அழகாக இருக்கும். அந்தப் பொது ஸ்கீமாவில் ஒரு சின்னத் திருத்தம் வந்தால், அதைச் சார்ந்த எல்லா அப்ளிகேஷனையும் முதலில் நிறுத்திக் கழற்ற வேண்டும், அப்புறம் பொதுவானதை மாற்ற வேண்டும், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்ற வேண்டும். கிடங்குக்காக ஒரு கட்டம் சேர்த்ததற்குச் சம்பளப் பட்டுவாடாவை நிறுத்த அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும். இதற்காகவே பழைய பதிப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடும் பழக்கம் வந்தது.

லைப்ரரியாகக் கொடுத்தால் அவரவர் நேரம் பார்த்துப் புதிய பதிப்புக்கு மாறலாம். ஆனால் மாறமாட்டார்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, எந்தத் தீர்வுக்குள் எந்தப் பதிப்பு உட்கார்ந்திருக்கிறது என்று தேடுவதுதான் உலகம் முழுக்கப் பெரிய வேலையாக இருந்தது, திருத்துவது அதற்கப்புறம். எல்லாத் தீர்வுகளும் அழைத்துக் கேட்கும் சர்வீஸாக வைத்தால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும், ஆனால் அது படுத்தால் எல்லாம் படுக்கும். என் விருப்பம் இப்படி: வரி விகிதம், குறியீட்டுப் பட்டியல் போன்றவை ஒரே இடத்திலிருந்து வரட்டும், ஒவ்வொரு தீர்வும் கடைசியாக வாங்கியதைத் தன்னிடம் சேமித்து வைத்துக்கொள்ளட்டும். மைஇன்வாய்ஸுக்குள் நுழைய வாங்கும் டோக்கன் ஒரு மணி நேரம் செல்லும், ஒரே நிறுவனத்தின் ஐந்து தீர்வுகள் ஐந்து டோக்கன் வாங்கத் தேவையில்லை, அது சர்வீஸாகவே இருக்கலாம். தேதி, அடையாள அட்டை எண் போன்றவை சின்ன லைப்ரரி. இந்த மென்பொருளின் இந்தக் கட்டம் அந்த மென்பொருளின் அந்தக் கட்டம் என்கிற மேப்பிங்கை நகல் எடுத்தாலும் எனக்குக் கவலை இல்லை.

எல்லாவற்றையும் விட அதிகப் பலன் கொடுத்தது நிரலே இல்லாத ஒன்று. ஒரு பெரிய சோதனை அட்டவணை. இடப்பக்கம் உள்ளே வருவது, வலப்பக்கம் வெளியே வர வேண்டியது. 1975 மார்ச் 14-இல் பிறந்தவர், 1981 டிசம்பர் 31-இல் பிறந்தவர், 35 என்ற குறியீடு உள்ள அடையாள அட்டை, நடுவில் 'அல்' வரும் பெயர், சாய்கோட்டுக்கு இரு பக்கமும் இடைவெளி விட்ட பெயர், 4.75 வெள்ளி, 08000. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எந்த விவகாரத்தில் சேர்ந்தது என்று ஒரு வாக்கியம். இதை ஜாவாக்காரரும் ஓட்டலாம், டாட்நெட்காரரும் ஓட்டலாம், மியூல்சாஃப்ட் என்ற இன்னொரு இன்டக்ரேஷன் மென்பொருளில் வேலை செய்பவரும் ஓட்டலாம். அவர்கள் எங்கள் லைப்ரரியை எடுத்தாலும் சரி, சொந்தமாக எழுதினாலும் சரி, இந்த அட்டவணைச் சோதனைகளைத் தாண்டினால் போதும். நிரலைப் பகிர ஒரே மொழி, ஒரே பதிப்பு, ஒரே தளம் வேண்டும். அனுபவத்தைப் பகிர அந்தக் கட்டாயம் இல்லை.

ஒவ்வொரு பொது விஷயத்துக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரும் வேண்டும். அது எல்லாருடையது என்று விட்டால் யாரும் தொடமாட்டார்கள், தொட்டால் எது உடையுமோ என்ற பயத்தில் ஒவ்வொருவரும் அதைச் சுற்றித் தங்கள் சொந்த ஒட்டுப்போட ஆரம்பிப்பார்கள். விலைப்பட்டியல் விதிகளுக்கு எங்களிடம் ஒருவர் இருக்கிறார். 2024 ஆகஸ்ட் 1-இல் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்பனை உள்ளவர்களோடு தொடங்கி, 2025 ஜனவரி, ஜூலை என்று அடுத்தடுத்த கட்டங்கள் வந்தபோது வாரியத்தின் வழிகாட்டியில் ஒவ்வொரு திருத்தத்தையும் படித்து, சோதனை அட்டவணையில் புதிய வரிசைகளைச் சேர்த்தது அவர்தான். அந்த வேலையை வேலையாகக் கணக்கில் எடுத்து அவருக்கு நேரம் ஒதுக்கியதால்தான் அது நடந்தது.

கடைசியாக வந்திருக்கும் கோரிக்கை, தோல்வியடைந்த செய்தியை மறுபடி அனுப்பும் நிரலைப் பொதுவாக்குவது. எல்லாத் தீர்விலும் இருக்கிறது, எல்லாமே ஒரே மாதிரிதான் தெரிகிறது: அனுப்பு, பதில் வராவிட்டால் காத்திரு, திரும்ப அனுப்பு. நான் பாதிக்குத்தான் சம்மதித்தேன். எவ்வளவு நேரம் காத்திருப்பது, ஒவ்வொரு தடவையும் எப்படி இடைவெளியைக் கூட்டுவது என்ற கணக்கு பொதுவாகட்டும். திரும்ப அனுப்பலாமா என்ற முடிவு அந்தந்தத் தீர்விடமே இருக்கட்டும். சரக்கு இருப்பு விவரம் இரண்டு தடவை போனால் ஒன்றும் ஆகாது. சம்பளக் கோப்பு வங்கிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, பதில் மட்டும் வழியில் தொலைந்துவிட்டது என்றால், திரும்ப அனுப்பினால் எல்லாருக்கும் இரட்டைச் சம்பளம். அதைத் தீர்மானிக்க வங்கியிடம் அந்தக் கோப்பின் நிலை என்ன என்று கேட்க வேண்டும். சம்பளத் தீர்வில் அந்தக் கேள்வியைக் கேட்கும் பகுதியைத்தான் இப்போது தம்பி எழுதிக்கொண்டிருக்கிறார்.